மேல் செட்

அவசரப் பிரிவில் அம்மாவின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மேல் பல் செட்டை நான்தான் கழற்றினேன். நர்ஸ் முதலில் முயன்று பார்த்துவிட்டு, வர மாட்டேன் என்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாற்றம் அப்படி. கையுறை போட்ட விரலால் ஓரத்தை நெம்பியபோது, சேற்றில் மாட்டிய செருப்பை இழுத்தால் வருமே ஒரு சத்தம், அந்தச் சத்தத்தோடு செட் வெளியே வந்தது. உள்பக்கம் முழுக்க சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ் அப்பியிருந்தது. எந்த நாளில் வாய்க்குள் போன எந்தச் சாப்பாடு என்று யாராலும் சொல்ல முடியாது. செட் இருந்த இடத்தில் ஈறு வெந்து, ஓரமெல்லாம் கிழிந்து, அண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் புண். நர்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செட்டைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது அம்மாவின் பல் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு பல பேர் பல விதமாகக் கேட்டார்கள். பல் செட் செய்வதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் லேபில் உட்கார்ந்து மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, அச்சு ஊற்றி, ராவி, பாலிஷ் போட்டு அனுப்புவோம். அம்மாவின் மேல் செட்டை நானே செய்தேன். அவளுக்கு இயற்கையில் இடது பக்க முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கும். அதை அப்படியே வைக்கச் சொன்னாள். “முத்து முத்தா வரிசையா வச்சேன்னா கண்ணாடியில வேற யாரோ நிப்பாடி. எம்பல்லு மாதிரியே கோணலா வை” என்றாள். முதலாளி சிரித்தார். ஊரில் எல்லோரும் கோணலை நேராக்க அலைகிறார்கள், உங்கம்மா நேரைக் கோணலாக்கச் சொல்கிறாளே என்றார். நான் அந்தப் பல்லை மூன்று முறை எடுத்து எடுத்து நட்டேன். சிரித்தால் அம்மா, அம்மாவாகவே இருந்தாள். இப்போது என் கையில் இருந்ததோ அண்ணத்தில் ஒட்டுகிற அகலமான தட்டில் குதிரைப் பல் மாதிரி பெரிய பெரிய பற்கள், ஒரே நேர்க்கோட்டில். யாரோ ஒருவருடைய வாயை அம்மாவின் வாய்க்குள் திணித்து வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். மெல்ல முடியாமல் விழுங்கியது நுரையீரலுக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருக்கிறது, எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளின் மேல் போர்வையை இழுத்து மூடிவிட்டு, “இவங்கள யாரு பாத்துக்கிட்டாங்க?” என்று கேட்டார். முதியோர் இல்லம் என்றேன். அவர் தாளில் எதையோ எழுதிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அருவருப்பு எங்கள் இருவர் மேலும் பட்டது, என் மேலும் அண்ணன் மேலும்.

இல்லம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நினைத்தாலே எரிகிறது. அம்மாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்து, அடுப்பைத் திறந்துவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகு அண்ணனும் நானும் சேர்ந்துதான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். முன்கூடத்தில் காலடி வைத்தால் எலுமிச்சை வாசனை. நிஜ எலுமிச்சை இல்லை, பாட்டிலில் அடைத்த எலுமிச்சை. பிளாஸ்டிக் பூ, மீன் தொட்டி, சுவரில் சிரிக்கிற முதியவர்களின் படங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாருமே அங்கே குடியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உறவினர்களை விட மாட்டார்கள், தொற்று வந்துவிடுமாம். உள்ளேயிருந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். தலை வாரி, பவுடர் பூசி, முகத்தில் முகமூடி மாட்டி. கழற்றட்டுமா என்றால் அதற்கும் தொற்று. மேனேஜர் அங்கே உள்ள எல்லோரையும் “செல்லம்” என்றுதான் கூப்பிடுவான். அம்மாவின் கன்னத்தைக் கிள்ளி, “செல்லம் சாப்பிடவே மாட்டேங்குது, வாயில வச்சதெல்லாம் துப்பிடுது, இந்த வியாதியே அப்படித்தான்” என்பான். அம்மா முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்ப்பாள். அவளிடம் அப்போது வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை. அவள் துப்பியது வியாதியால் இல்லை, வலியால் என்று இப்போது தெரிகிறது. அந்தப் புண்ணின் மேல்தான் அவன் கிள்ளியிருக்கிறான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அங்கே வேலை பார்த்துவிட்டு நின்றுபோன ஒரு ஆயாவைத் தேடிப் பிடித்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் எல்லோருடைய பல் செட்டையும் கழற்றி ஒரே பக்கெட்டில் போட்டுவிடுவார்கள். அதில் துணி துவைக்கிற பவுடரைக் கொட்டி, கட்டைத் துடைப்பத்தின் காம்பால் ஒரு கலக்குக் கலக்குவார்கள். காலையில் வாரி எடுத்து, கைக்கு வந்ததைப் பெரிய வாய்க்குப் பெரிசு, சின்ன வாய்க்குச் சின்னது என்று மாட்டிவிடுவார்கள். பேசத் தெரிந்தவர்கள் சத்தம் போட்டால் சில சமயம் மாற்றித் தருவார்கள். பேச்சில்லாதவர்களுக்கு மிஞ்சியதுதான். பொருந்தாவிட்டால் பசையை அள்ளி அப்பி அழுத்திவிட வேண்டியது. அப்படி ஒட்டியது சாயங்காலம் கழற்ற வராவிட்டால் நாள் கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாகக் கழுவ நேரமில்லையா என்று கேட்டேன். ஒரு ஆள் இத்தனை பேரைப் பார்க்கிற இடத்தில் நேரம் எங்கே இருக்கிறது என்று அவளும் சலித்துக்கொண்டாள். மேனேஜரிடம் சொல்லவில்லையா என்றேன்.

“சொன்னேனே. எல்லாம் பல்லுதானேன்னாரு.”

முதியோர் நலத்துறையில் புகார் கொடுத்தேன்; ஆஸ்பத்திரியில் கழற்றிய செட்டை அவர்கள் உறையில் போட்டு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள். அண்ணனும் கையெழுத்துப் போட்டான், பேனாவைத் தேள் மாதிரி பிடித்துக்கொண்டு. எங்கள் வக்கீலம்மா நல்லவள், ஆனால் ஆசை காட்ட மாட்டாள். கவனக்குறைவு என்றால் வெறும் கண்டிப்போடு போய்விடும், அவர்களுடைய வழக்கமே இப்படித்தான் என்று நிரூபித்தால்தான் உரிமத்தில் கைவைக்க முடியும், மேனேஜரைக் கூண்டில் ஏற்ற முடியும் என்றாள். முதல் விசாரணையிலேயே இல்லத்து வக்கீல் எழுந்து, நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். செட் ஆஸ்பத்திரியில் மாறியிருக்கலாம் என்றார். அது எடுபடாது என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, “புகார்தாரர் தொழிலே பல் செய்யறதுதான். அவங்க மேசையில ஆயிரம் பல்லு கெடக்கும். அதுல ஒண்ண எடுத்துட்டு வந்து காட்டறதுக்கு எவ்வளவு நேரமாகும்?” என்றார். செத்துக்கொண்டிருந்த தாயின் வாயில் நானே வேறு பல்லை மாட்டினேனாம். அறையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. விசாரணை அதிகாரி, தட்டையான செருப்பும் கலைந்த கொண்டையுமாக எப்போதும் தூக்கம் போதாதவர் போலத் தெரிகிற ஒரு அம்மாள், எதையோ குறித்துக்கொண்டார். ஆயாவோ சாட்சி சொல்ல வர மாட்டேன் என்று போனையே அணைத்துவிட்டாள். அம்மாவின் நிஜச் செட் அந்தக் கட்டடத்துக்குள் எங்காவது கிடைத்தால் வழக்கு நிற்கும், இல்லையென்றால் படுத்துவிடும் என்று வக்கீலம்மா உடைத்துச் சொல்லிவிட்டாள்.

இதற்கு நடுவில் இல்லத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று சொல்லத் தேவையில்லை. புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டால் வருத்தம் தெரிவித்து எழுதித் தருவார்களாம். கூடவே, புதிதாகக் கட்டுகிற சாப்பாட்டுக் கூடத்துக்கு அம்மாவின் பெயரை வைப்பார்களாம். சாப்பாட்டுக் கூடத்துக்கு! அண்ணன் இதை என்னிடம் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. யாரைப் பட்டினி போட்டுக் கொன்றார்களோ அவள் பெயரையே எழுதி வைத்து அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள், இவன் உருகுகிறான்.

“அம்மா போயாச்சு. இனிமே யாரு பல்லு யாரு வாயில இருந்தா என்ன?” என்றான்.

“இதையேதான் அவனும் சொன்னான், எல்லாம் பல்லுதானேன்னு” என்றேன்.

அண்ணன் எழுந்து போய்விட்டான். பிறகு அண்ணி போன் செய்து, அவர் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாராவது பல் தேய்ப்பதைப் பார்த்தால்கூட வெளியே போய்விடுகிறார், கொஞ்சம் விட்டுப்பிடி என்றாள். என் அண்ணன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். புண்ணை மூடி வைத்துவிட்டால் ஆறிவிட்டதாக நம்புவான்.

அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்குப் போவதாக முடிவு செய்தார். செட்டை அடையாளம் காட்ட நாங்கள் இருவரும் கூட வரலாம் என்று அனுமதி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் கால் வைத்தது அன்றுதான். எலுமிச்சை கதவோடு நின்றுவிட்டது. உள்ளே மூத்திரமும் ஈரத் துணியும் பினாயிலும் சேர்ந்த ஒரு புளித்த வாடை, சுவரிலேயே ஊறிப்போன வாடை. நடக்க நடக்கத் தரை செருப்பில் ஒட்டி ஒட்டி விட்டது. ஒரு கிழவர் கட்டில் கம்பியோடு துண்டால் கட்டப்பட்டுக் கிடந்தார். மேனேஜர் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “விழுந்துடுவாருன்னு பாசத்துல கட்டினது மேடம்” என்றான். கிழவரின் கையில் அழுந்தின தடம் ஊதா நிறத்தில் இருந்தது. அதிகாரி படம் எடுத்துக்கொண்டார். அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தான்.

பல் வைக்கிற இடத்தைக் காட்டச் சொன்னதும் மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. அலமாரியைத் திறந்தான். உள்ளே வரிசையாகப் புத்தம் புது மூடி போட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அழகாக அச்சடித்த பெயர்ச் சீட்டு. எங்கள் புகார் போன பிறகு வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது; சிலவற்றில் கடை விலைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு தாத்தாவின் பெயர் ஒட்டிய டப்பாவில் ஒரு பெண்ணின் சின்னச் செட். இன்னொன்றில் இரண்டு மேல் செட். டப்பாவைத்தான் மாற்றியிருந்தார்கள், பல்லை இல்லை. யாருடையது எது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, பெயரை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு செட்டின் உள்பக்கம் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. இதை நாளைக்கு ஒருவர் வாயில் வைப்பார்கள் என்று நினைத்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அம்மாவின் செட் அதில் இல்லை. மேனேஜர் அதிகாரியைப் பார்த்து, நான் சொன்னேன் இல்லையா என்பதுபோலக் கையை விரித்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம். திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்தோம். நீள மேசைகளில் வரிசையாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள், எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் விரிப்பு. பேச்சில்லை, தட்டில் கரண்டி மோதுகிற சத்தம் மட்டும். ஓரத்தில் இருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி, “உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க” என்று அதட்டினார். காலமெல்லாம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவராம்; அங்கே எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மாதான். ஆயிரம் பேரை அடக்கிய குரல் அந்தச் சிறிய உடம்பில் இன்னும் பாக்கியிருந்தது. அதிகாரி வழிவிட்டு ஒதுங்கினார். அதைப் பார்த்துக் கண்டக்டரம்மா சிரித்தார்.

என் பின்னால் அண்ணன் நின்றுவிட்டான். கைக்குட்டை கீழே விழுந்தது.

“அம்மா” என்றான்.

சிரிப்பு அம்மாவுடையது. முன்பின் தெரியாத ஒரு முகத்தில், இடது பக்கம் லேசாக ஏறி நிற்கிற அந்தப் பல்லோடு, அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதைத் தேடித்தான் வந்தேன், இதற்காகத்தான் அத்தனை பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிடைத்துவிட்டது. கண்டக்டரம்மா தட்டிலிருந்த ஆப்பிள் துண்டு ஒன்றை எடுத்து, நறுக்கென்று கடித்தார். அவரைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரி ஏதோ ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடித்தார்.

“இதுவா?” என்று அதிகாரி என்னைக் கேட்டார். கையில் முத்திரை வைக்கிற காகித உறையை எடுத்துவிட்டார். நீங்கள் அடையாளம் சொன்னால்தான் கைப்பற்ற முடியும், வழக்கு முடிகிறவரை பொருள் எங்கள் பொறுப்பில் இருக்கும் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார். வழக்கு எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை. புதுச் செட்டுக்கு அளவெடுத்து, அச்சு ஊற்றி, பொருத்திப் பார்த்துத் தருவதற்குள் எத்தனை வேளைச் சாப்பாடு போகும் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் பல்லில்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

மேனேஜர் என் காதருகே வந்தான். அவன் வாயில் ஏலக்காய் மணத்தது. “பாருங்க மேடம், செல்லம் எவ்வளவு சந்தோஷமா சாப்பிடுது. அதப் புடுங்கிட்டுப் போகப் போறீங்களா? நாளைக்கு இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? மனிதாபிமானம்னு நீங்கதானே பேசுனீங்க?” என்றான். இவ்வளவு கேவலமான ஒன்றை இவ்வளவு இதமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைவிடக் கேவலம், அவன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இது இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். “அது எங்கம்மா பல்லு” என்றான் சத்தமாக. கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. “என் தங்கச்சி செஞ்சது. அந்தக் கோணப் பல்ல எங்க வச்சாலும் எனக்குத் தெரியும். எழுதிக்கோங்க மேடம், நான் சொல்றேன்.” புண்ணை மூடி மூடி வைத்தவன், அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கண்டக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தி, வாயில் இருந்ததை விழுங்கினார்.

“நீங்க அந்த ஜன்னலோரக் கட்டில்காரம்மா பிள்ளைங்களா? எனக்குத் தெரியும், இது அவங்களோடதுன்னு” என்றார். “எம்பல்லு அவங்க வாயில இருந்துச்சு. பெரிய பல்லு, என்னோடது. அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, பொத்திப் பொத்தி அழுவாங்க. மாத்திக் குடுங்கய்யான்னு இந்த மேனேஜர்கிட்ட எத்தனை தடவ கத்துனேன். எனக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு மாத்திரையக் குடுத்துப் படுக்க வச்சுட்டாங்க.” மேனேஜர் குறுக்கே ஏதோ சொல்லப் போனான். அவர் விரலை நீட்டி அவனைப் பார்த்த பார்வையில், சீட்டு வாங்காமல் ஏறியவன் மாதிரி அவன் அப்படியே நின்றான். “எழுதுங்க” என்றார் அதிகாரியிடம். “எங்க வேணா வந்து சொல்றேன்.”

அதிகாரி எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, கண்டக்டரம்மா கட்டை விரலை வாய்க்குள் விட்டு, பசையோடு செட்டைப் பிடுங்கி, விரிப்பின் ஓரத்தில் துடைத்து என்னிடம் நீட்டினார். கதகதப்பாக இருந்தது. ஆப்பிள் தோல் ஒரு துணுக்கு இடுக்கில் மாட்டியிருந்தது. அவர் முகம் ஒரு நொடியில் உள்வாங்கிச் சுருங்கிப்போனது. அவருடைய பல் ஏற்கனவே முத்திரையோடு அலுவலகப் பெட்டியில் இருக்கிறது. அம்மாவுடையது இப்போது அதே பெட்டிக்குப் போகப் போகிறது. நாளைக்கே வந்து அளவெடுக்கிறேன் அம்மா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

உறையை ஒட்டி, அதிகாரி அரக்கை உருக்கிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தாள். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்க்காமல் வரிசையாகத் தட்டுகளை உருவி உருவி அடுக்கிக்கொண்டே வந்தாள். அதிகாரி நிற்பதோ நாங்கள் நிற்பதோ அவள் கண்ணில் படவில்லை, கை பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டரம்மாவிடம் வந்து தட்டைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. மிச்ச ஆப்பிள் துண்டுகள் அதில் அப்படியே இருந்தன. கண்டக்டரம்மா தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுருங்கிய வாயை இறுக மூடி, அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.